கனவான் கள்வனும் காணாமற்போன களவும்

களவு எல்லாச் சமுதாயங்களிலும் குற்றமெனவே கொள்ளப்படுகின்றது. ஆயினும் ஒருவகைக் கள்வனுக்கு மட்டும் அச்சமுதாயங்களே கைதட்டி வரவேற்பளிக்கின்றன. உயர்ந்த பட்டுத் தொப்பியும் ஒற்றைக் கண்ணாடியும் வெள்ளைக் கையுறையும் அணிந்து, மாளிகையின் முன்வாயிலால் விருந்தினனாக நுழைந்து, நள்ளிரவில் நகைப்பேழையுடன் சாளரத்தால் வெளியேறும் கனவான் கள்வனே அவன். பிரெஞ்சு எழுத்தாளர் மொறிஸ் லெப்லாங் (1864–1941) படைத்த ஆர்சேன் லூப்பன் இவ்வகைக் கள்வருள் தலையாயவன். 1905 யூலையில் பாரிஸ் நகரத்துச் சஞ்சிகையொன்றில் சிறுகதைப் பாத்திரமாகப் பிறந்த அவன், மேடை, ஊமைப்படம், பேசும்படம், தொலைக்காட்சி என்று ஊடகந்தோறும் புதுப்பிறவி எடுத்து, இன்று கைத்தொலைபேசித் திரையிலும் களவாடிக்கொண்டிருக்கின்றான்.

லூப்பன் செல்வரின் பகைவன், சட்டத்தை ஏளனஞ் செய்யும் கலகக்காரன், எளியோரின் மறைமுக நண்பன் என்று கூறுவோர் பலர். அவனைப் பற்றிய படங்களைக் கண்டு மகிழ்வோரும் ஏறக்குறைய இதே காரணத்தைக் கூறியே தம் மகிழ்ச்சிக்கு நியாயந் தேடிக்கொள்கின்றனர். இக்கூற்று மேலோட்டமானது. திரையில் உலாவும் கனவான் கள்வன் சொத்துடைமையைத் தாக்குவதில்லை. அதற்கு அழகு சேர்க்கின்றான். களவு என்னும் சமுதாய உறவை அவன் ஒரு தனிமனிதனின் ரசனையாகவும் சாதுரியமாகவும் மாற்றிவிடுகின்றான். அம்மாற்றத்தின் இடையில் உண்மையான கள்வனும் உண்மையான களவும் பார்வையினின்று மறைந்துபோகின்றன. கலகஞ் செய்யாமலே கலகஞ் செய்த மனநிறைவைப் பார்வையாளனுக்கு வழங்குவதே இப்படங்களின் இன்பத்துக்கு அடிப்படையாகும். இதனை வரலாற்று நோக்கில் நிறுவுதல் கடினமன்று.

லூப்பன் பிறந்த சூழலை முதலில் நோக்கலாம். வெளியீட்டாளர் பியர் லாபித், தம் சஞ்சிகையின் விற்பனையைப் பெருக்கவேண்டி, ஆங்கிலத்தின் ஷேர்லொக் ஹோம்ஸ் கதைகளை ஒத்த ஒன்றை லெப்லாங்கிடம் வேண்டினார். ஆங்கிலத்தில் கனவான் கள்வனுக்கு முன்மாதிரியும் இருந்தது. கொனன் டொயிலின் மைத்துனரான ஹோர்னங் 1898 இல் ராபிள்ஸ் என்னும் கள்வனைப் படைத்திருந்தார். எனவே லூப்பன் சந்தையின் கேள்விக்கேற்ப உருவாக்கப்பட்ட பண்டம். இதனாலேயே அவன் இழிந்தவனாகிவிடான். நல்ல இலக்கியமும் சந்தையில் விற்பனையாவதுண்டு. ஆனால் அதே ஆண்டில், அதே நாட்டில் வேறொரு கள்வனும் மக்கள் முன் நின்றார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

1905 மார்ச்சில் அமியேன் நகர நீதிமன்றத்தில் மாரியுஸ் ஜாக்கோப் என்பவரும் அவருடைய தோழர்களும் விசாரிக்கப்பட்டனர். தம்மை "இரவுத் தொழிலாளர்" என்று அழைத்துக்கொண்ட அராஜகவாதிகள் அவர்கள். மதகுருமார், படையதிகாரிகள், வட்டியிலும் வாடகையிலும் வாழ்வோர் ஆகியோரின் வீடுகளையே அவர்கள் தெரிந்தெடுத்துக் கொள்ளையிட்டனர். கொள்ளையின் ஒரு பங்கினை இயக்கத்துக்கு அளித்தனர். ஜாக்கோப் நீதிமன்றில் மன்னிப்புக் கோரவில்லை. தம்மை விசாரிக்கும் உரிமை எவருக்கு உண்டென வினவி, சொத்து எவ்வாறு சேர்ந்ததென்பதையே வழக்கின் பொருளாக்க முயன்றார். அவர் குற்றமற்றவரல்லர். பொலிசாரிடமிருந்து தப்பும் முயற்சியில் நேர்ந்த மோதலில் காவலர் ஒருவர் உயிரிழந்தார். அது மறைக்கப்படக்கூடாத உண்மை. ஆயினும் அவர் வாயினின்று பிறந்த வினா, பிரெஞ்சுச் சமுதாயத்தின் அத்திவாரத்தைத் தொடும் வினா. ஆயுட்காலக் கடூழியத் தண்டனை விதிக்கப்பட்டு, தென்னமெரிக்காவிலுள்ள பிரெஞ்சுக் கயானாவின் தண்டனைக் குடியிருப்புக்கு அவர் அனுப்பப்பட்டார்.

நான்கு மாதங்களின் பின் லூப்பன் தோன்றினான். ஜாக்கோப்பைப் பார்த்தே லெப்லாங் லூப்பனைப் படைத்தார் என்று கூறுவோரும் அதனை மறுப்போரும் உளர். அவ்விவாதம் இங்கு முதன்மையானதன்று. ஒரு கள்வனைக் கடல் கடத்திய அதே சமுதாயம் மற்றொரு கள்வனை வரவேற்பறைக்குள் அழைத்து இருக்கை கொடுத்தது என்பதே முதன்மையானது. முன்னவர் சொத்தின் நியாயத்தை வினவினார். பின்னவன் சொத்தின் பூட்டை மட்டுமே வினவினான். பூட்டைத் திறப்பவனை ஒரு சமுதாயம் மன்னிக்கும். சொத்தின் நியாயத்தை வினவுபவனை அது மன்னிப்பதில்லை.

"கனவான்" என்னும் அடைமொழியின் பணி இங்கேயே தொடங்குகின்றது. மாளிகைக்குள் நுழைய லூப்பனுக்குத் திறவுகோல் வேண்டுவதில்லை. அவனுடைய உடையும் நடையும் பேச்சுமே திறவுகோல். அவன் பிரபுக்களை ஏமாற்றுவதற்காகப் பிரபுவாக வேடமிடுகின்றான் என்பது கதை. ஆனால் அவ்வேடத்தை அவன் எவ்வளவு விரும்புகின்றான் என்பதைக் கதைகள் மறைப்பதில்லை. நல்ல ஓவியத்துக்கும் போலிக்கும் வேறுபாடு அறிந்தவன். மதுவின் ஆண்டினைச் சுவையிலேயே சொல்லக்கூடியவன். பணத்தால் வந்த பண்பாடற்ற புதுப்பணக்காரனைவிட, அப்பொருள்களை வைத்திருக்கத் தகுதியுடையவன் தானே என்பது அவனுடைய உட்கிடை. செல்வம் தகாதவரிடம் இருக்கின்றது என்பதே அவனுடைய குற்றச்சாட்டு. செல்வம் ஒரு சிலரிடமே குவிந்திருக்கின்றது என்பதன்று. முதலாவது குற்றச்சாட்டு பழைய பிரபுத்துவத்தின் முணுமுணுப்பு. இரண்டாவதே உழைப்போரின் குரல். லூப்பன் இரண்டாவதைப் பேசியதில்லை.

1906 இல் வெளிவந்த அரசியின் கழுத்தணி பற்றிய கதை இதற்குத் தக்க சான்று. பிரபு குடும்பமொன்றின் தயவில், அம்மாளிகையின் ஒதுக்குப்புற அறையில், ஏறக்குறைய வேலைக்காரியாகவே வாழும் ஏழைத் தாயொருத்தியின் ஆறு வயது மகன் அக்குடும்பத்தின் புகழ்பெற்ற கழுத்தணியைக் களவாடுகின்றான். தாய் அடைந்த அவமானமே அவனைத் தூண்டுகின்றது. வளர்ந்து லூப்பனான பின், மாற்றுப் பெயருடன் அக்குடும்பத்தின் விருந்தினனாக வந்து, அப்பழைய களவு நடந்த விதத்தை அவர்கள் முன்னிலையிலேயே விளக்குகின்றான். இவ்வளவும் கூர்மையான வர்க்க உணர்வு கொண்ட கதையே. ஆனால் முடிவில் நிகழ்வது யாது? கழுத்தணி உரியவர்களிடம் திருப்பியளிக்கப்படுகின்றது. பத்திரிகை அச்செயலைப் பாராட்டுகின்றது. தாயின் அவமானத்துக்கு நீதி, மகனின் பெருந்தன்மையாகச் சுருங்கிவிடுகின்றது. ஏழையின் காயத்தில் தொடங்கிய கதை கனவானின் கௌரவத்தில் முடிகின்றது. பின்வந்த திரைப்படங்கள் பலவும் இத்தடத்திலேயே நடந்தன.

லூப்பனின் வீரத்துக்கு வேறொரு பக்கமும் உண்டு. தமது இளமையைப் பற்றி 1964 இல் எழுதிய நூலில் ழான் போல் சாத்தர், தாம் சிறுவயதில் லூப்பனைப் போற்றியதைக் கூறி, அவனுடைய வலிமையும் துணிச்சலும் 1870 ஆம் ஆண்டின் போர்த் தோல்விக்குப் பிரெஞ்சு மக்கள் தேடிக்கொண்ட ஆறுதலே என்பதை அப்போது தாம் அறிந்திருக்கவில்லை என்று சுட்டினார். சாத்தரின் இவ்வவதானிப்பு ஆழமானது. ஆங்கிலத் துப்பறிவாளனை வெல்வதும் ஜேர்மன் பேரரசருடன் சரிசமமாக உரையாடுவதும் லூப்பனின் வழமையான சாதனைகள். சிறையிலிருந்தபோது கிராம்ஷியும் தொடர்கதைகளின் அதிமானிட நாயகர்களைப் பற்றிச் சிந்தித்தார். தாழ்த்தப்பட்டோர் பகற்கனவில் காணும் பழிவாங்கலாகவே அவர் அந்நாயகர்களை நோக்கினார். பகற்கனவு இழிவானதன்று, அதற்குக் காரணமான துன்பம் மெய்யானது. ஆயின் பகற்கனவை எழுதுபவன் எவனோ அவன் விருப்பப்படியே அதன் திசையும் அமையும்.

அத்திசை எங்கே சென்றது என்பதை "புலியின் பற்கள்" என்னும் நாவல் காட்டுகின்றது. பிரெஞ்சு மொழியில் 1920 இல் தொடராக வந்த அந்நாவலில், லூப்பன் மாற்றுப் பெயருடன் ஆபிரிக்கா சென்று, மொறித்தானியாவில் தனக்கென ஒரு பேரரசை வென்றெடுத்து, அதனைப் பிரான்சுக்குப் பரிசாக அளிக்கின்றான். கழுத்தணியைக் களவாடியபோது கள்வன் எனப்பட்டவன், ஒரு நாட்டையே களவாடியபோது தேசபக்தன் ஆகின்றான். அதே 1920 இல் மெய்யான மொறித்தானியா பிரான்சின் குடியேற்ற நாடாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. கற்பனைக் களவும் மெய்யான களவும் ஒன்றாகக் கைகோத்த இடம் இது. லூப்பனைக் கலகக்காரன் என்போர் இவ்விடத்துக்கு விடையளிக்கக் கடமைப்பட்டவர்கள்.

இனித் திரைக்கு வருவோம். 1932 இல் ஹொலிவூட்டில் மெற்றோ கோல்ட்வின் மேயர் நிறுவனம் தயாரித்த படத்தில் ஜோன் பரிமோர் லூப்பனாக நடித்தார். அப்படத்தில் லூப்பன் ஒரு கோமகன். அவன் குறிவைப்பது லூவர் நூதனசாலையின் மொனாலிசா ஓவியம். மொனாலிசா மெய்யாகவே களவு போனது 1911 ஓகஸ்ட் 21 ஆம் திகதியாகும். களவாடியவர் கோமகனல்லர், வின்செந்சோ பெருஜியா என்னும் இத்தாலியக் குடியேற்றத் தொழிலாளி. நூதனசாலையின் ஓவியங்களுக்குக் கண்ணாடி பொருத்தும் வேலையில் அவர் ஈடுபட்டிருந்தவர். தொழிலாளர் அணியும் வெள்ளை மேலங்கியே அவருடைய மாறுவேடம். பொலிசாரோ கலைஞர்களை ஐயுற்றனர். கவிஞர் அப்பொலினேர் சில நாட்கள் காவலில் வைக்கப்பட்டார். ஈராண்டுகளின் பின், 1913 டிசம்பரில், ஓவியத்தை விற்க முனைந்தபோதே பெருஜியா புளோரன்ஸ் நகரில் அகப்பட்டார். தொழிலாளியொருவன் இத்தகைய செயலைச் செய்யக்கூடும் என்று எவரும் எண்ணவில்லை. இருபது ஆண்டுகளின் பின் வந்த படமும் அவ்வாறே எண்ணியது. அதனால் அக்களவைத் தொழிலாளியின் கையினின்று பறித்துக் கோமகனின் கையிற் கொடுத்தது. குற்றத்திலும்கூட உழைப்பவனுக்குப் பங்கு மறுக்கப்பட்டது.

பிரெஞ்சு நெறியாளர் ஜாக் பெக்கரின் இரு படங்களை அருகருகே வைத்து நோக்கின் இவ்வுண்மை மேலும் தெளிவாகும். 1952 இல் அவர் ஆக்கிய "பொன்முடி" என்னும் படமும் 1957 இல் அவர் ஆக்கிய லூப்பன் படமும் ஏறக்குறைய ஒரே காலப் பாரிஸ் நகரையே காட்டுகின்றன. முன்னதன் நாயகன் மாந்தா ஒரு தச்சன், சிறை மீண்டவன். பாரிஸின் புறச்சேரிக் குற்றக் கும்பலிடையே காதலும் நட்பும் அவனைக் கொலைக்கு இட்டுச் செல்கின்றன. படத்தின் முடிவில், விடியற்காலையில், அவனுடைய தலை கில்லற்றினால் துண்டிக்கப்படுவதை அவனுடைய காதலி சாளரமொன்றிலிருந்து காண்கின்றாள். பின்னதில் றொபேர் லமுரு நடித்த லூப்பன், வண்ணப் படத்தில், விருந்துகளில் நடனமாடி, ஜேர்மன் பேரரசருடனும் சாதுரியப் போட்டி நடத்திச் சிரித்தபடி விலகிச் செல்கின்றான். தச்சனுக்குக் கில்லற்றின், கனவானுக்குக் கைதட்டல். ஒரே கலைஞர், ஒரே நகரம், ஒரே காலம். வேறுபட்டது நாயகனின் வர்க்கம் மட்டுமே. "பொன்முடி" பார்த்தவனை அமைதியிழக்கச் செய்கின்றது. லூப்பன் பார்த்தவனை நன்கு உறங்கச் செய்கின்றது.

1971 முதல் 1974 வரை பிரெஞ்சு அரச தொலைக்காட்சியில் ஜோர்ஜ் தெக்ரியேர் நடித்த 26 பகுதிகள் கொண்ட தொடர் ஒளிபரப்பாகியது. அவர் பிரான்சின் மிகப் பழைய அரச நாடக நிறுவனமான கொமெடி பிரான்சேசின் நடிகர் என்பதும் இங்குக் குறிப்பிடத்தக்கது. இதே அரச ஒலிபரப்பு நிறுவனந்தான் 1968 மேமாதக் கிளர்ச்சியில் பங்குகொண்ட பத்திரிகையாளர் பலரை வேலைநீக்கஞ் செய்தது. தொழிற்சாலைகளும் பல்கலைக்கழகங்களும் கைப்பற்றப்பட்ட ஆண்டின் நினைவு ஆறாதிருந்த வேளையில், அந்நிறுவனம் வீடுகளுக்கு அனுப்பிய "சட்டத்தை மீறுபவன்" பட்டுத்தொப்பி அணிந்த ஒருவனே. இது எவரேனும் திட்டமிட்டுச் செய்த சதி என்று கூறவேண்டியதில்லை. எத்தகைய மீறல் அனுமதிக்கத்தக்கது, எத்தகையது அனுமதிக்கத்தகாதது என்பதை ஒரு கருத்துநிலை தானாகவே தெரிந்தெடுத்துக்கொள்ளும். அதற்குச் சதி வேண்டுவதில்லை.

இத்துணையும் பழைய கதை என்றும், 2021 சனவரியில் வெளிவந்த நெற்பிளிக்ஸ் தொடர் இவற்றையெல்லாம் தலைகீழாக்கிவிட்டது என்றும் கூறப்படுகின்றது. இவ்வாதம் வலுவானது, எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. முதல் 28 நாட்களில் ஏழு கோடி வீடுகளில் அது பார்க்கப்படும் என்று அந்நிறுவனம் அறிவித்தது. அதன் நாயகன் அசான் தியோப், செனகல் நாட்டிலிருந்து குடிபெயர்ந்த சாரதியொருவரின் மகன். அவனாக நடித்த ஒமார் சி, செனகல் தந்தைக்கும் மொறித்தானியத் தாய்க்கும் பாரிஸ் புறநகர்ப் பகுதியில் பிறந்தவர். முதலாளியான பெல்லெக்ரினி, காப்புறுதிப் பணத்துக்காகத் தன் கழுத்தணியைத் தானே மறையச்செய்து, பழியைச் சாரதியின் மேற் சுமத்துகின்றான். சாரதி சிறையில் உயிர் துறக்கின்றான். மகன் வளர்ந்து, லெப்லாங்கின் நூலைக் கையேடாகக் கொண்டு பழிதீர்க்கப் புறப்படுகின்றான்.

இத்தொடரின் சிறப்புகளை ஒப்புக்கொள்ளாமை நேர்மையன்று. துப்புரவுத் தொழிலாளியின் உடையில் அசான் லூவருக்குள் நடமாடும் காட்சியில், அவ்வுடை அணிந்தவனின் முகத்தை எவரும் நோக்குவதில்லை என்னும் கசப்பான உண்மை வெளிப்படுகின்றது. பெருஜியாவின் வெள்ளை மேலங்கி நூற்றுப்பத்து ஆண்டுகளின் பின் திரையில் தன் உரிமையைப் பெற்றது எனலாம். கணவன் பெல்ஜியக் கொங்கோவில் பொருள் சேர்த்த மூதாட்டி ஒருத்தி, அங்கிருந்து நகைகள் வந்த கதையைக் கூச்சமின்றிக் கூறும் காட்சியும் அத்தகையதே. அந்நகைகளைக் கறுப்பின மனிதனொருவன் கவர்ந்து செல்வதைக் காணும் பார்வையாளன் உவகை கொள்கின்றான், அவ்வுவகை இழிவானதன்று.

ஆயினும் அவ்வுவகை எங்கே கொண்டுசென்று விடப்படுகின்றது என்பதே வினா. மூதாட்டியின் வரவேற்பறையில் ஒரு கணம் திறந்த வரலாற்றின் கதவு மறுகணமே சாத்தப்படுகின்றது. தொடர் அங்கிருந்து கொங்கோவை நோக்கிச் செல்வதில்லை. பெல்லெக்ரினி என்னும் தனியொரு தீயவனை நோக்கியே செல்கின்றது. பொலிஸ் துறையில் ஊழல் புரிந்த மேலதிகாரி ஒருவன். அவனுக்கு ஈடாக, லெப்லாங்கின் நூல்களைப் படித்துப் படித்து உண்மையைக் கண்டுபிடிக்கும் நல்ல அதிகாரி ஒருவன். தீயவர் தண்டிக்கப்பட்டதும் அமைப்பு தூய்மையடைந்துவிடுகின்றது. மேலும், அசானுக்கு விடுதலை தரும் நூலாகக் காட்டப்படுவது எது? மொறித்தானியாவை வென்று பிரான்சுக்குப் பரிசளித்த அதே லூப்பனின் கதைத்தொகுதி. மொறித்தானியத் தாயின் மகனான நடிகர், மொறித்தானியாவைக் கவர்ந்தவனின் வேடத்தைப் பெருமையுடன் சூடிக்கொள்கின்றார். இம்முரண் தொடருக்குள் மேலெழுந்திருப்பின், அது மாபெரும் கலையாகியிருக்கும். தொடரோ அதனை ஒரு வினாவாக எழுப்பவில்லை.

சிலப்பதிகாரத்தில் ஊறிய தமிழ் வாசகனுக்கு இக்கதையின் தொடக்கம் புதியதன்று. அரண்மனை அணியொன்று காணாமற் போகின்றது. உண்மையில் எடுத்தவனே அயலான் ஒருவன்மேற் பழி சுமத்துகின்றான். ஆராயாத அதிகாரம் அயலானைக் கொல்கின்றது. ஆனால் கண்ணகி மாறுவேடம் பூணவில்லை. விரித்த கூந்தலோடும் ஒற்றைச் சிலம்போடும் அவையின் நடுவே நின்று, சிலம்பை உடைத்து, பொற்கொல்லனை அன்று, அரசனின் நீதியையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினாள். அசானும் பெல்லெக்ரினியைப் பலர் முன்னிலையில் அம்பலப்படுத்துகின்றான் என்பது மெய்யே. எனினும் வீழ்வது பொற்கொல்லன் மட்டுமே. ஆராயாது தீர்ப்பளித்த அவை அப்படியே நிலைத்திருக்கின்றது. பழிவாங்கலுக்கும் நீதி கேட்டலுக்கும் இடையிலான தூரம் இதுவே.

"இவை வெறும் பொழுதுபோக்கு, இவற்றில் அரசியலைத் தேடுவது சுவையறியாமை" என்பார் சிலர். பொழுதுபோக்கு என்பதற்காகவே ஆராயப்படல் வேண்டும் என்பதே இதற்கு விடை. ஓய்வு நேரத்தில், ஐயுறவின்றி, மீண்டும் மீண்டும் உட்கொள்ளப்படுவதே மனத்தில் ஆழப் பதிகின்றது. பாடநூலை ஐயுறும் மாணவன்கூடத் திரைப்படத்தை ஐயுறுவதில்லை. "பணக்காரனிடமிருந்துதானே களவாடுகின்றான்" என்பார் வேறு சிலர். பணக்காரனிடமிருந்து களவாடுவது இயல்பே. ஏழையிடம் வைரக் கழுத்தணி இருப்பதில்லை. களவாடிய பொருள் எவரிடம் சேருகின்றது என்பதன்றோ வினா? லூப்பனின் செல்வம் சேருமிடம் நோர்மண்டிக் கடற்கரையின் எத்ரெத்தாப் பாறைக்குள் இருக்கும் இரகசியக் கருவூலம். அங்கே பிரான்சிய மன்னர்களின் திரவியத்துக்கு வாரிசாக அவன் அமர்கின்றான். மன்னரின் வாரிசாக அமர்பவனை மக்களின் பிரதிநிதி என்று கூறுதல் பொருந்துமா?

இம்மயக்கம் திரையோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு 2025 ஒக்டோபர் 19 ஆம் திகதி நிகழ்ந்த லூவர் கொள்ளை சான்று. பாரவூர்தியில் பொருத்திய தூக்கி ஏணியால் மாடிக்கு ஏறி, இயந்திரத்தால் கண்ணாடியை அறுத்து, சில நிமிடங்களில் அரச குடும்ப நகைகள் எட்டுடன் கள்வர் மறைந்தனர். அவற்றின் பெறுமதி 8 கோடி 80 இலட்சம் யூரோ என மதிப்பிடப்பட்டது. உலகம் எங்கும் உடனடியாக எழுந்த பெயர் லூப்பன். வாயிலருகே தொப்பியும் மேலங்கியும் அணிந்து நின்ற இளைஞன் ஒருவனின் ஒளிப்படத்தைக் கண்டு, அவனே வழக்கைத் துலக்க வந்த துப்பறிவாளன் என்று பல்லாயிரவர் நம்பினர். அவனோ நூதனசாலையைப் பார்க்க வந்த மாணவன். அதே ஆண்டு யூன் 16 ஆம் திகதி, ஆளணிப் பற்றாக்குறையையும் தாங்கவியலாத சனநெரிசலையும் எதிர்த்து அந்நூதனசாலையின் ஊழியர் வேலையை நிறுத்திக் கதவுகளை மூடியிருந்தனர். அவர்களின் குரல் எத்தனை பேரின் நினைவில் இருந்தது? பட்டுத்தொப்பியைத் தேடிய கண்களுக்குக் காவலாளியின் சீருடை தெரியவில்லை.

உண்மையான களவு எங்கே நிகழ்ந்தது என்பதற்கும் சான்று உண்டு. 1892 இல் பிரெஞ்சுப் படைகள் தகோமி இராச்சியத்தின் தலைநகரான அபோமியைக் கைப்பற்றி, அரண்மனைத் திரவியங்களைப் பிரான்சுக்கு எடுத்துச் சென்றன. அவற்றுள் 26 பொருள்கள் 2021 நவம்பரில் பெனின் நாட்டுக்குத் திருப்பியளிக்கப்பட்டன. 2018 இல் சார், சவோய் ஆகிய இரு அறிஞர் பிரெஞ்சு அரசுத் தலைவருக்குச் சமர்ப்பித்த அறிக்கையின்படி, பிரான்சின் பொதுச் சேகரிப்புகளில் சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்காவின் பொருள்கள் ஏறக்குறைய 90,000 உள்ளன. இவற்றுட் பல போரிலும் குடியேற்றவாத ஆட்சியின் நெருக்குதலிலும் பெறப்பட்டவை. இக்களவில் முகமூடி இல்லை, கையுறை இல்லை, மாறுவேடம் இல்லை. படைச் சீருடையில், பட்டப்பகலில், அரசின் ஆணையோடு நிகழ்ந்தது அது. அசான் தியோப் நூதனசாலையிலிருந்து அரசியின் கழுத்தணியை எடுப்பதைக் கண்டு கைதட்டிய கோடிக்கணக்கானோருள், அதே நகரின் மற்றொரு நூதனசாலையில் அரச சிம்மாசனங்கள் எவ்வாறு வந்து சேர்ந்தன என்று வினவியோர் எத்தனை பேர்?

அவ்வினாவைத் திரையில் எழுப்பமுடியாது என்று கூறவும் இடமில்லை. மாத்தி தியோப் என்னும் பிரெஞ்சு–செனகல் நெறியாளர் ஆக்கிய "தகோமி" என்னும் ஆவணப்படம் 2024 பேர்லின் திரைப்பட விழாவில் தங்கக்கரடி விருதை வென்றது. அந்த 26 பொருள்களும் பாரிஸில் பெட்டிகளில் அடைக்கப்பட்டுத் தாயகம் மீள்வதை அது காட்டுகின்றது. மன்னன் கேசோவின் சிலை தன் குரலில் பேசுகின்றது. அதனினும் முதன்மையானது, அபோமி–கலவி பல்கலைக்கழக மாணவர் நடத்தும் விவாதம். ஆயிரக்கணக்கானவற்றுள் இருபத்தாறு மட்டும் மீண்டது வெற்றியா அவமதிப்பா, அந்நியர் மொழியிற் கற்ற தலைமுறைக்கு இப்பொருள்கள் என்ன சொல்கின்றன என்று அவர்கள் ஒருவரோடொருவர் மோதுகின்றனர். அங்கே நாயகன் இல்லை. சாதுரியமான தப்புதல் இல்லை. முடிந்த முடிபும் இல்லை. ஆயினும் லூப்பன் படங்கள் நூற்றாண்டுக்கு மேலாக மூடிவைத்த வினா அங்கே திறந்து கிடக்கின்றது.

லூப்பன் படங்களைப் பார்க்கவேண்டாம் என்று எவரையும் தடுப்பது இவ்வாதத்தின் நோக்கமன்று. தடை விதிப்பது பொலிசாரின் வேலை. விமரிசனத்தின் வேலை வேறு. பார்க்கும்போது மூன்று வினாக்களை உடன் கொண்டு செல்லுதல் போதுமானது. களவு போன பொருள் அதன் உடைமையாளனிடம் எவ்வாறு வந்தது? கள்வன் பிடிபடாமல் தப்புவது அவன் அறிவினாலா, அவன் அணிந்திருக்கும் உடையினாலா? படம் முடியும்போது எவருடைய வீட்டுக் கதவு முன்னையதினும் உறுதியாகச் சாத்தப்பட்டிருக்கின்றது? இவ்வினாக்களுக்கு ஈடுகொடுக்கும் படம் நல்ல படம். அவற்றைக் கேட்கவிடாமல் கைதட்டச் செய்யும் படம், நகைப்பேழையை அன்று, பார்வையாளனின் சிந்தனையையே களவாடிச் செல்கின்றது. அக்களவுக்கு முறைப்பாடு செய்யப் பொலிஸ் நிலையம் எதுவும் இல்லை. பறிகொடுத்தவன் தானே விழித்தெழுந்து தேடவேண்டியதுதான்.